மதகுக்குக் கீழே ஒரு பிடி கனகாம்பரம்

என் கை கோணாமல் கோடு போடும். அந்த ஒரு தகுதிக்காகத்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. பாலிடெக்னிக்கில் கட்டட வரைபடம் படித்துவிட்டு மயிலாப்பூர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கிராமங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், தாம்பரம் தாண்டினால் அவை ரயில் ஜன்னலில் வரும், செங்கல்பட்டு வருவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும் என்பதுதான். அப்படிப்பட்ட என்னைக் கிராம வளர்ச்சிக்கு உழைக்க எடுத்துக்கொண்டார்கள்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அலுவலகம் தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கீழே பாத்திரக்கடை, மேலே நாங்கள். படி ஏறும்போதே எவர்சில்வர் டம்ளர்கள் உருளும் சத்தம் கேட்கும். மேலே மூன்று மேஜை, ஒரு மண்பானைத் தண்ணீர், ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்குத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தோம். அதைக் கழற்றிப் பார்த்த நாள்கள் குறைவு.

அலுவலகத்தை நடத்தியவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிட்டோம். வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். நாற்பது வயதிருக்கும். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவர் யாராவது வருவார், அவர் தலையில் எல்லாவற்றையும் போட்டுவிடலாம் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படி ஒருவரைத் தேடிப் பார்த்தேன்.

சாருடைய கொள்கை எளிமையானது. ஊருக்கு ஒரு கிணறு, ஒரு பள்ளிக்கூடம், நாலு மாடு என்று துண்டு துண்டாகக் கொடுத்தால் எதுவும் நிலைக்காது. எல்லாம் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு கிடக்கிறது. ஏரியைத் தொட்டால் கிணறு அசையும். கிணறு அசைந்தால் பயிர் மாறும். பயிர் மாறினால் பெண் குழந்தை பள்ளிக்கூடம் போவது மாறும். ஆகவே ஒரு மண்வெட்டி மண்ணை எடுக்கும் முன்னால் முழு ஊரையும் ஒரே படத்தில் பார்க்க வேண்டும். பெட்டிகள் போட்டு, ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு அம்பு போட்டு, எது கூடினால் எது குறையும் என்று கூட்டல் கழித்தல் குறியோடு எழுத வேண்டும். கிளம்பின அம்பு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கிளம்பின இடத்துக்கே வந்து சேரும்போது சாருடைய முகத்தைப் பார்க்க வேண்டும், பிள்ளை பாஸான மாதிரி இருக்கும்.

ஆனால் எந்தப் படத்தையும் எங்காவது நிறுத்தித்தானே ஆக வேண்டும்? அதனால் சுற்றி ஓர் எல்லைக்கோடு போடுவோம். எல்லையைத் தாண்டிப் போகிற எதற்கும், அதாவது ஆவியாகிற தண்ணீர், பிழைக்கப் போகிற ஆள், ஓடி வீணாகிற மழை எல்லாவற்றுக்கும், அம்பின் நுனியில் ஒரு சின்ன மேகம் வரைவது வழக்கம். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை, இந்தத் துறையில் எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை என்று அதற்கு அர்த்தம்.

மேகம் போடுவதில் நான் கெட்டிக்காரி. எல்லா மேகமும் ஒரே அச்சாக இருக்க வேண்டுமென்று, வீட்டில் கிடந்த பழைய எக்ஸ்ரே பிலிம் ஒன்றைப் பிளேடால் வெட்டி அச்சு செய்துகொண்டேன். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அது அவருடைய எக்ஸ்ரே.

"ஏண்டி, அப்பா நெஞ்சையா வெட்டிண்டிருக்கே?" என்றாள் அம்மா.

"சும்மாதானே ஆத்துல கிடக்கு" என்றேன். எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம்.

அலுவலகத்துக்கு ஒரு பூக்காரம்மா வருவாள். செவ்வாயும் வெள்ளியும் காலை ரயிலில் மாம்பலத்தில் இறங்கி, கூடையிலிருக்கும் கனகாம்பரத்தை ரங்கநாதன் தெருப் பூக்காரிகளுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு எங்கள் மாடிக்கு ஏறுவாள். பூ விற்க வருவது ஒரு சாக்கு. மின்விசிறிக்குக் கீழே கால் மணி நேரம் உட்கார்ந்து, இரண்டு சொம்பு பானைத் தண்ணீர் குடித்துவிட்டுப் போவதுதான் காரியம். செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு ஏரிக்குக் கீழே அவள் ஊர். அங்கே கிணற்றை ஒட்டிக் கொஞ்சம் நிலத்தில் கனகாம்பரம் போட்டிருந்தாள். காலையும் மாலையும் குடத்தால் மொண்டு ஊற்றி வளர்த்த பூ.

"இன்னாம்மா, இன்னிக்கும் கோடுதான் போட்டுக்கினு கீறியா?" என்பாள் என்னைப் பார்த்ததும்.

"ஆமாக்கா. நீங்க மட்டும் என்ன, நாரைத்தானே முடிஞ்சுண்டிருக்கேள்?"

"என் நாரு சாயந்திரம் சோறாவும். உன் கோடு இன்னாவா ஆவும்?"

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அம்மாவுக்கு அந்தப் பூ பிடிக்காது. வாசனையே இல்லாத பூவைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறாயே என்பாள். வாடாதே அம்மா, சாயந்திரம் வரைக்கும் அப்படியே இருக்கும் என்பேன். மல்லிகைக்கும் முல்லைக்கும் நடுவில் வளர்ந்த தெருவில் நான் ஒருத்திதான் கனகாம்பரம் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

அந்தச் சமயத்தில் சார் ஏரி இருக்கிற ஊர் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அக்காவின் ஊரைப் பற்றி நான்தான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. நானாக எழுந்து போய்ச் சொன்னேன். ஏரி தூர்ந்து தாம்பாளம் மாதிரி ஆகிவிட்டது என்று அவள் சொல்லியிருந்தாள். சார் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இதுதான் நாம் தேடின ஊர் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா ஒரு முழம் பூவை என் மேஜையில் வைத்துவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

"உன்னாலதாம்மா எங்க ஊருக்கு வந்தாங்க. பெரிய எடத்துல சொல்லிட்ட" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஊர்ப்படத்தை நாங்கள் போடுவதில்லை, ஊர்க்காரர்களே போட வேண்டும் என்பது எங்கள் வேலைமுறை. எங்கள் களப்பணியாளர்கள் இரண்டு பேர் போய், அம்மன் கோயில் வாசலில் பெண்களைக் கூப்பிட்டு, கோலமாவும் செங்கல் தூளும் கொடுத்து, உங்கள் ஊரைத் தரையில் போடுங்கள் என்பார்கள். பெண்கள் ஏரி வரைவார்கள். வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை, வயலுக்கு இலை, கிணற்றுக்குக் கல் என்று வைப்பார்கள். முடிந்ததும் அதைப் போட்டோ எடுப்பார்கள். அந்த போட்டோக்கள் மயிலாப்பூர் ஸ்டுடியோவில் கழுவி என் மேஜைக்கு வரும். நான் லென்ஸ் வைத்துப் பார்த்து அதைச் சார்ட் பேப்பரில் ஏற்றுவேன். அதன் மேல் சார் பென்சிலால் அம்பு போடுவார். நான் இந்தியன் இங்க் ஓட்டுவேன்.

நான் ஒரு தடவையும் ஊருக்குப் போனதில்லை. போயிருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. வெயிலுக்குச் சோம்பினேன், அவ்வளவுதான்.

அந்த ஊரின் போட்டோக்களில் கடைசியாக ஒன்று இருந்தது. மாவுக்கோடுகள் எல்லாம் முடிந்து, அதற்கும் ஒரு கை தூரம் தள்ளி, கீழ் மூலையில் காவி நிறத்தில் ஒரு தீற்றல். லென்ஸில் பார்த்தால் பூ என்று தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் நாலைந்து ஜோடி வெறுங்கால்களும் புடவைக் கரைகளும். முகம் எதுவும் போட்டோவில் விழவில்லை. யார் தலையிலிருந்தோ உதிர்ந்த பூ என்று நினைத்தேன். படத்தில் குப்பை சேர்க்கக் கூடாது என்பது என் தொழில் சுத்தம். ஸ்கேலை அந்தப் பூவுக்கு இந்தப் பக்கம் வைத்து எல்லைக்கோட்டை இழுத்தேன். கோடு துளி கோணவில்லை.

களக்குறிப்பில் இன்னொன்று இருந்தது. ஏரியின் பழைய மதகு பழுது, கதவை இறக்கி மூடினாலும் இரவும் பகலும் கசிந்துகொண்டே இருக்கிறது, அதனால்தான் தை பிறப்பதற்குள் ஏரி காலி என்று ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது அந்த ஏரியில் பாயும் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள், சொல்லியிருந்தார்கள். சார் ஏரியிலிருந்து மதகு வழியாக ஓர் அம்பு இழுத்தார். 'கசிவு' என்று எழுதினார். பக்கத்தில் கழித்தல் குறி போட்டார். நுனியில் ஒரு மேகத்தைப் பென்சிலால் கிறுக்கினார். நான் எக்ஸ்ரே அச்சை வைத்து அழகாக மை ஓட்டினேன். கீழ் மூலையில், எல்லைக்கோட்டை ஒட்டி உள்பக்கமாக, அப்படி ஒரு நல்ல மேகம்.

மை காய்ந்த அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அக்கா வந்தாள். எனக்கு யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. சுவரில் மாட்டி, "பாருங்கக்கா, உங்க ஊர்" என்றேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் விரலை வைத்து, இது கோயிலு, இது ஏரி, இது மதகு என்று தப்பில்லாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். கசிவு அம்பின் மேல் விரல் நகர்ந்து மூலையிலிருந்த மேகத்தில் வந்து நின்றது.

"இது மதகுலேர்ந்து தண்ணி போற எடந்தானே?" என்றாள்.

"ஆமாக்கா, தண்ணி அங்கதான் போய்ச் சேர்றது."

"ஆமா, அங்கதான் போவுது" என்றாள். அந்த மேகத்தை விரலால் ஒரு தடவை சுற்றி வந்தாள். அவள் முகமே மலர்ந்து போயிற்று. "எல்லாத்தையும் போட்டுட்டம்மா நீயி. கெட்டிக்காரி."

பள்ளிக்கூடம் போகாதவள் எங்கள் படத்தை எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டாள் என்று நான் சாரிடம் பெருமையாகச் சொன்னேன். சாரும் சந்தோஷப்பட்டார்.

ஆடியில் வேலை தொடங்கியது. தூர் எடுத்தார்கள். மதகைச் சுத்தம் செய்து, விரிசலெல்லாம் சிமென்ட் வைத்துப் பூசிக் கசிவை அடைத்தார்கள். ஐப்பசியில் மழை கொட்டியது. தை போய் மாசி வந்த பிறகும் ஏரியில் தண்ணீர் நின்றது. இரண்டாம் போகம் நட்டார்கள். சார் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். பங்குனியில் அடையாறில் ஒரு கூட்டம். பெரிய மனிதர்கள் வந்து உட்கார்ந்திருக்க, மேடையில் என் படம் தொங்கியது. ஒருவர் என்னைக் கூப்பிட்டு, இவ்வளவு தெளிவான படத்தை நான் பார்த்ததில்லை என்றார். நான் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். தலையில் பூ இல்லை. அக்காவிடம் வாங்கலாம் என்றிருந்தேன், அவள் வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் ஒரு மாதமாகவே அவள் வந்திருக்கவில்லை. ஏரி நிறைந்துவிட்டது, விளைச்சல் கூடியிருக்கும், பெரிய மார்க்கெட்டுக்குப் போட ஆரம்பித்திருப்பாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாளே என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது. என் கோபத்தை நினைத்தால் எனக்கே என்னை அறைய வேண்டும் போலிருக்கிறது.

ஆனி மாதம் ஒருநாள் பெசன்ட் நகரில் ஓர் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஜல்லிச் சட்டியைத் தலையில் வைத்த பெண்கள் வரிசையாகப் போனார்கள். அதில் ஒருத்தி நின்றாள்.

"யம்மா! கோடு போடற அம்மா!"

அக்கா. மூக்குத்தி இல்லை. புடவை முழுக்கச் சிமென்ட். சட்டியை இறக்கி வைத்துவிட்டு, மேஸ்திரியிடம் கையைக் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டு வந்தாள். ஏன் இங்கே என்று கேட்டேன்.

"கெணறு வத்திப்போச்சும்மா. பூவெல்லாம் கருகிப்போச்சு."

"ஏரியில தண்ணி இருக்கேக்கா, எப்படி வத்தும்?"

என்னைப் பார்த்தாள். நான் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறேன் என்பது அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மதகு ஒழுவுறதுலதானேம்மா எங்க காலனி கெணறு ஊறும். அத அடச்சிட்டா எங்கேர்ந்து வரும்? காலனிக்கே அது ஒண்ணுதான் கெணறு. இப்ப குடிக்கறதுக்கு ஊருக்குள்ள போயி கொடத்த வெச்சிக்கினு ஓரமா நிக்கணும். அவங்களா மனசு வந்து ஊத்தினாதான்."

"இதை ஏங்க்கா என்கிட்ட சொல்லலை? வாரத்துக்கு ரெண்டு தடவை வந்தேளே!" என் குரல் உயர்ந்துவிட்டது. தப்பு யார் பக்கம் என்று தெரியாதபோது எனக்குக் குரல்தான் முதலில் உயரும்.

"சொன்னேனேம்மா. பூ வெச்சேனே."

எனக்குப் புரியவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள். கோயில் வாசலில் படம் போட்ட அன்று காலனிப் பெண்களையும் கூப்பிட்டிருந்தார்கள். இவர்கள் போனார்கள். ஆனால் கோயில் வாசலுக்குள் இவர்கள் கால் வைக்க முடியாது, ஓரமாக நின்றார்கள். உங்கள் பக்கம் இருப்பதையும் வையுங்கள், எல்லாவற்றையும் ஆபீஸில் ஒரு பெண் பார்த்து அப்படியே போடுவாள் என்று களப்பணியாளர் சொல்லியிருக்கிறார்.

"மாவு நடுவுல இருந்துச்சு. அங்க போயி எடுக்க முடியுமா? நின்ன எடத்துலேர்ந்து எட்டி, கெணறு இருக்கற தெக்கால, மடியில இருந்த பூவ ஒரு பிடி வெச்சேன். கல்லு வெச்சிருப்பேன். ஆனா பாக்கப்போறது நீதான்னு தெரியுமில்ல? நம்ம பூவப் பாத்தா உனக்குத் தெரிஞ்சிரும்னுதான்."

நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன். பஸ் ஒன்று வந்து போயிற்று.

"அப்பறம் படத்துலயும் போட்டிருந்தியே, பூ மாரி, ரவுண்டு ரவுண்டா. நானே பாத்தனே. மதகப் பூசும்போது எங்க ஆளுங்க தகராறு பண்ணப் போனாங்க. நாந்தான் தடுத்தேன். படத்துல நம்ம கெணறு கீது, நான் என் கண்ணால பாத்தேன், அவங்க யோசிக்காம பண்ண மாட்டாங்கன்னு. அத நம்பித்தான் வுட்டாங்க." முந்தானையால் முகத்துச் சிமென்ட்டைத் துடைத்தாள். "தண்ணி இல்லாததுகூடப் பெரிசில்லம்மா. எங்க சனமே என்னப் பேசிச்சு. நீ பொய் சொல்லித்தான் கெணறு போச்சின்னு. அங்க இருக்க முடியல, வந்துட்டேன்."

அவள் மேகத்தைப் பூ என்று நினைத்திருக்கிறாள். நான் பூவைக் குப்பை என்று நினைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அழுதேன். என்ன ஆச்சு என்று அம்மா கேட்டாள். அப்பா போனபோது அழுததைவிட அதிகமாக அழுதேன். அப்பா சாவில் என் கை இல்லை.

மறுநாள் அந்த போட்டோவை எடுத்துக்கொண்டு போய் சாரிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் லென்ஸை வைத்துப் பார்த்தார்.

"பென்சில் கோடு என்னுதும்மா. நீ மைதான் போட்ட" என்றார்.

"பூவைப் பார்த்தது நான் சார்."

அந்த வாரமே இரண்டு பேரும் கிளம்பினோம். அப்போதுதான் நான் அந்த ஊரை முதன்முதலாகப் பார்த்தேன். வழி எனக்கு மனப்பாடமாக இருந்தது. கோயில், ஏரிக்கரை, மதகு என்று சாருக்கு முன்னால் நான் நடந்தேன். மதகைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எனக்கு வழி தெரியாமல் போயிற்று. என் படம் அங்கே முடிகிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் காலனி. கல் கட்டிய கிணறு. எட்டிப் பார்த்தால் அடியில் காய்ந்த சேறு, அதில் ஒரு பிளாஸ்டிக் குடம். பக்கத்தில் கனகாம்பரச் செடிகள் குச்சிகுச்சியாக நின்றன. ஒரு குச்சியைத் தொட்டேன், ஒடிந்தது.

மதகில் ஒரு சின்னக் குழாயளவு திறந்துவிடலாம் என்று சார் ஆயக்கட்டுக்காரர்களிடம் பேசினார். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். மோர் கொடுத்தார்கள். அதில் பெரியவர் ஒருவர் எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த என் படத்தின் நகலைக் காட்டினார்.

"வீணாப் போவுதுன்னு நீங்கதானே சார் போட்டுக் குடுத்தீங்க? பாருங்க, கழித்தல் போட்டிருக்கு. அத நாங்களா போட்டோம்?"

எல்லாம் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டது என்று சார் சொன்னது சரிதான். இப்போது இரண்டாம் போகமும் அந்த அடைப்போடு கோத்துக்கொண்டுவிட்டது, இனிப் பிரிக்க முடியாது. காலனிக்கு ஒரு கைப்பம்பு போடச் சொல்லி சார் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். வெகுநாள் கழித்து அது வந்தது. குடிக்க ஆயிற்று, பூவுக்கு ஆகவில்லை.

பெசன்ட் நகருக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். "தெரியும்மா, தொறக்க மாட்டாங்க" என்றாள். எங்கள் படம் புத்தகமாக வரப்போகிறது என்று சொல்லி, போட்டோவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"காலுதான் விழுந்துகீது. இது நான்னு எவன் நம்புவான்? படத்துல இருந்துச்சின்னுதானேம்மா நான் சொன்னேன். அதுல பூ இல்லன்னா நான் பொய் சொன்னதாதானே ஆவுது." பிறகு கேட்டாள், "அந்தப் படத்த பொஸ்தகமாப் போடப்போறோம்னு சொன்னியே, அதுல என் பூவ வெச்சுடறியா? அத எடுத்துக்கினு ஒருவாட்டி ஊருக்குப் போயி எங்க ஆளுங்ககிட்ட காட்டிட்டா போதும். பேச்சாவது நிக்கும்."

அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். கிணறு வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. சத்தியமாகப் போடுகிறேன் என்றேன்.

அன்றைக்கே மூலப்படத்தை இறக்கினேன். இந்தியன் இங்க் அழியாது. எல்லைக்குள் மேகம் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. போட்டோவில் பூ எங்கே கிடந்ததோ அதே இடத்தில், எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்த வெள்ளைத் தாளில், போஸ்டர் கலரால் ஒரு பிடி கனகாம்பரம் வைத்தேன். ஒவ்வொரு இதழாக வைத்தேன். சார் பார்த்துவிட்டு, தானே தாளைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தார். படம் ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்துக்குப் போனது.

புத்தகக் கட்டு வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பினேன். பூ இல்லை. கோட்டை ஒட்டிச் சுத்தமாக வெட்டியிருந்தார்கள். அச்சகத்துக்காரரைக் கேட்டேன். "கோட்டுக்கு வெளிய கலர் சிந்தியிருந்துதும்மா, அதான் கட் பண்ணிட்டோம், நீட்டா வந்திருக்கு பாருங்க" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் செய்ததைத்தான் அவரும் செய்திருந்தார்.

அன்றைக்கே போயிருக்க வேண்டும். வெட்டிவிட்டார்கள் அக்கா என்று சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. எந்த முகத்தோடு போவது? வெள்ளிக்கிழமை என்றேன், மழை என்றேன், அம்மாவுக்கு ஜுரம் என்றேன். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. கடைசியில் ஒருநாள் ஒரு புத்தகத்தை எடுத்து, மேகத்தின் மேலேயே கெட்டியாகக் காவிக் கலரைக் குழைத்துப் பூ வரைந்தேன். மேகம் முழுவதும் மறைந்தது. யோசித்தால், முதல் நாளே செய்திருக்கலாம், அரை மணி நேர வேலை. காயக்கூட விடாமல் புத்தகத்தை மூடிப் பையில் போட்டுக்கொண்டு பெசன்ட் நகர் பஸ் ஏறினேன்.

கட்டடம் முடிந்திருந்தது. வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். சித்தாள் வேலைக்கு வந்தவர்கள் எங்கே என்று கேட்டேன்.

"அவங்கல்லாம் போயிட்டாங்களே. வேற சைட்டு."

"எங்கே?"

"ஆருக்குத் தெரியும்? மேஸ்திரி லாரி வெச்சி ஏத்திக்கினு போனான். கர்நாடகான்னான் ஒருத்தன், கோயம்புத்தூருன்னான் ஒருத்தன்." என் பையையும் என்னையும் பார்த்தார். "நீ தி.நகராம்மா?"

ஆமாம் என்றேன்.

"உன்னியத்தான் ஒரு அம்மா கேட்டுக்கினே இருந்துச்சு. தி.நகர்லேர்ந்து ஒரு பொண்ணு பொஸ்தகம் எடுத்தாரும், வந்தா நிறுத்தி வெய்யின்னு. டெய்லி கேக்கும். லாரி ஏறும்போதுகூட ரெண்டு நிமிசம் இருங்கன்னு மேஸ்திரியாண்ட கெஞ்சிச்சு. பஸ்ஸ்டாண்டு பக்கம் பாத்துக்கினே நின்னுச்சு. அப்பறம் ஏறிடுச்சு."

என்றைக்கு என்று கேட்டேன்.

"முந்தாநாளு" என்றார்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் அந்த வேலையில் இருந்தேன். மேகம் போட வேண்டிய இடம் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். பிறகு வேலையை விட்டுவிட்டேன். அக்காவை நான் மறுபடி பார்க்கவில்லை. கட்டட வேலை நடக்கிற இடங்களில் சட்டி சுமக்கிற பெண்களின் முகத்தை இன்றும் பார்த்துக்கொண்டுதான் போகிறேன்.

அந்தப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. ஈரத்தோடு மூடியதால் கலர் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக் காய்ந்துவிட்டது. பிரித்தால் இரண்டு பக்கமும் கிழியும், பூவும் கிழியும். அதனால் அதை நான் திறப்பதில்லை.